வகுக்கிற எண்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்ணா. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். காத்து வந்தாலும் சரி, வெயில் அடிச்சாலும் சரி.

நீங்க தாராபுரங்களா? நான் குண்டடத்துல இறங்கிக்குவேன். மாமியார் ஊரு. வீட்டுக்காரி அங்கதான் இருக்கறா, கூட்டிட்டு வரலாம்னு போறேன். போன் பண்ணா எடுக்கறதில்லீங்க. மெசேஜ் போட்டா பாக்கறா, பதில் போடறதில்ல. அதான் நேர்லயே போயிறலாம்னு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சண்டைன்னு சொல்லோணும்னா ரெண்டு பேரும் பேசோணுமில்லீங்களா.

வேலையா? கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறதுங்க. சரவணம்பட்டி பக்கம் கம்பெனி. என்ன எழுதறேன்னு சொன்னா சிரிப்பீங்க. சராசரி. ஆமாங்க, அஞ்சாங்கிளாஸ்ல படிச்சமே, கூட்டி வகுக்கறது, அதேதான். அதுக்கு எதுக்குப்பா சம்பளம்னு எங்க மாமியாரே கேட்டிருக்காங்க.

படிச்சவங்க காகிதத்துல சூத்திரம் எழுதித் தருவாங்க. அதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தி எழுதறது நம்ம வேலை. காகிதத்துல இருக்கறது ஒரே வரிங்க. கொக்கி மாதிரி ஒரு எழுத்து, சிக்மாம்பாங்க. எல்லாத்தையும் கூட்டுன்னு அர்த்தம். அதுக்கு அடியில ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ஒரு எழுத்து. எத்தனையோ அத்தனையால வகுன்னு அர்த்தம். மனுசனுக்கு இது போதும். மெஷினுக்குப் போதாது. எல்லாத்தையும்னா எதை எதை? எத்தனைன்னா, எண்ணுனது யாரு? பட்டியல்ல பேரு இருக்குது, ஆளு வரல. அவனை எண்ணறதா, உடறதா? காகிதம் இதெல்லாம் சொல்லாதுங்க. எழுதறவன்தான் முடிவு பண்ணோணும்.

இப்ப பரீட்சைக்கு வராத பையனுக்குப் பூஜ்யம் போட்டுக் கூட்டுனீங்கன்னு வெச்சுக்கங்க, வகுப்போட சராசரியே படுத்துரும். அவன் பூஜ்யம் வாங்கலீங்க, வரல. ரெண்டும் வேற. அதனால அவனை மேல கூட்டறதுலயும் சேர்க்கக் கூடாது, கீழ வகுக்கற எண்ணுலயும் சேர்க்கக் கூடாது. புதுசா வேலைக்கு வர்றவங்க இதுலதான் வழுக்கி விழுவாங்க. மேல உட்டுருவாங்க, கீழ எண்ணிருவாங்க. இல்லாட்டிப் பூஜ்யத்தப் போட்டுருவாங்க. நான் அந்தத் தப்பைப் பண்ணதே இல்ல. யாருமே வரலைன்னா பூஜ்யத்தால வகுக்கற மாதிரி ஆயி மெஷின் நின்னு போயிரும், அதுக்கும் தனியா ரெண்டு வரி எழுதி வெச்சிருப்பேன். ஆபீஸ்ல சராசரின்னா என்கிட்டத்தான் வருவாங்க.

பல்லடம் தாண்டியாச்சுங்களா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

எங்க மச்சான் செல்லமுத்து கோழிப்பண்ணை வெச்சிருந்தாருங்க. வாணியோட அண்ணன். வாணிங்கறது வீட்டுக்காரி, கோகிலவாணி. குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனிக்காரன் குடுப்பான், வளர்த்துக் குடுக்கறதுதான் இவங்க வேலை. ஊர்ல ஏசிக் கொட்டாய்னு சொல்லுவாங்க. ஏசியெல்லாம் இல்லீங்க. நாலு பக்கமும் அடைச்ச நீளக் கொட்டாய். ஒரு கோடியில தண்ணி ஊறிட்டே இருக்கற தட்டி, பேடுன்னு சொல்றது. மறு கோடியில ஆளுசரத்துக்குப் பெரிய பெரிய ஃபேன். ஃபேன் காத்தை வெளிய இழுக்க இழுக்க, தட்டி வழியா குளுந்த காத்து உள்ள வரும். உள்ள வந்த காத்து கோழிச் சூட்டையெல்லாம் வாங்கிட்டுப் போறதால ஃபேன் பக்கம் எப்பவும் சூடு சாஸ்தி. பேடு பக்கத்துக் கோழிக்குக் கொடைக்கானலு, ஃபேன் பக்கத்துக் கோழிக்குக் குண்டடம்னு மச்சான் கிண்டல் பண்ணுவாரு.

எந்நேரம் எத்தனை ஃபேன் ஓடோணும்னு பாத்துக்கற பெட்டி ஒண்ணு இருந்துச்சு, அது இடி இறங்கிப் போயிருச்சு. 'மாப்ள, நீதான் ஊருக்கெல்லாம் எழுதித் தர்றியே, நமக்கொண்ணு எழுதிக் குடு'ன்னாரு. நானும் எழுதிக் குடுத்தேன். கோழி டாக்டர் ஒருத்தரு சூத்திரம் போட்டுக் குடுத்தாரு. கொட்டாய் நீளத்துக்கு அஞ்சு எடத்துல சூடு பாக்கற சென்சார். நாலுக்கும் ஒவ்வொரு பங்கு, ஃபேன் பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் ரெண்டு பங்கு. அங்கதான் சூடு சாஸ்தி, அதனால அது சொல்றதை ரெண்டு மடங்காக் கேக்கோணும்னு. அப்ப வகுக்கற எண்ணு அஞ்சில்ல, ஆறு. நிறைய பேரு அஞ்சாலயே வகுத்துட்டு ஏன் சூடு எகிறுதுன்னு தலையைச் சொறிவாங்க. நான் ஆறாலதான் வகுத்தேன். அப்பறம் ஒரு காத்து அடிச்சா ஃபேன் நிக்கறதும், காத்து நின்னா ஓடறதுமா ஆடக் கூடாதுன்னு, கடைசிப் பத்து நிமிசத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி. சராசரிக்குச் சராசரி. மொத்தமும் ஒரு பக்கத்துக்கு மேல போகலீங்க. என் கையால எழுதுனதுலயே சுத்தமா வந்தது அதுதான், இப்பவும் சொல்றேன்.

ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு மாமியார் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க. வாணி பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களையெல்லாம் கூட்டியாந்து காமிச்சா. 'எங்கூட்டுக்காரரு எழுதுனது, அதுவா யோசிச்சு அதுவா ஃபேன் போட்டுக்கும்'னு. யோசிக்கறதெல்லாம் இல்ல வாணி, கூட்டி வகுக்குது அவ்வளவுதான்னேன். 'இருக்கட்டும் உடுங்க'ன்னு சிரிச்சா. அந்த வருசம் ரெண்டு தடவை உட்ட கோழியும் நல்லா வந்துச்சுங்க.

அடுத்த சித்திரையில ஊர்ல மாரியம்மன் நோம்பி. நோம்பி சாட்டுனா கொடுமுடி போய்க் காவேரித் தீர்த்தம் எடுத்துட்டு வருவாங்க, உங்களுக்குத் தெரியாததா. மச்சான் தீர்த்தக் குடம் எடுக்கறதா வேண்டியிருந்தாரு. மாமியாரும் கூடப் போனாங்க. நோம்பிக்குன்னு வாணியும் ஊருக்குப் போயிருந்தா. கம்பெனிக்காரன் வந்து கோழி பிடிக்கற தறுவாயில இருக்குது, கொட்டாயை யாரு பாக்கறதுன்னு மச்சான் யோசிச்சாரு. 'நீ போயிட்டு வாண்ணா, அதான் அவரு எழுதுனது இருக்குதே, நானும் இருக்கறேன்'னு இவதான் அனுப்பி வெச்சா.

மத்தியானம் எனக்குப் போன் பண்ணா. நான் ஆபீஸ்ல சாப்பிட்டுட்டு இருந்தேன்.

'ஏனுங்க, ஃபேன் பக்கம் கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு மூச்சு வாங்குதுங்க'ன்னா.

கொட்டாய் சூட்டுக் கணக்கு என் போன்லயே தெரியும். பாத்தேன். இருபத்தொம்பது. 'இருபத்தொம்பதுதான் வாணி, ஒண்ணுமில்ல'ன்னேன்.

'இல்லீங்க, இங்க நிக்க முடியல. மூஞ்சியெல்லாம் எரியுது.'

'நீ நிக்கற எடம் அப்படி. மொத்தக் கொட்டாய்க்கும் சேர்த்து இருபத்தொம்பது.'

'மூணு ஃபேன்தான் ஓடுது. மீதியை நான் கையில போட்டு உட்டர்றனுங்களே.'

'தொடாத. நீ பாட்டுக்குக் கையில போட்டீன்னா கணக்குக் கெட்டுப் போயிரும். புரோகிராம் பாத்துக்கும்.'

கோழிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் 'சரிங்க'ன்னா. சரிங்கன்னு அவ வாயாலதான் சொன்னா. நான் அதட்டவெல்லாம் இல்லீங்க, தன்மையாத்தான் சொன்னேன். அதுக்கப்பறம் ஒருக்கா கூப்பிட்டிருக்கறா. நான் மீட்டிங்ல இருந்தேன். மீட்டிங்ல இருந்தபடிக்கே போனைப் பாத்தேன், அப்பவும் இருபத்தொம்பது. ஒரு புள்ளி கூட நகரல. அதனால எடுக்கல.

பொழுது சாய மேளதாளத்தோட தீர்த்தம் வந்து சேந்துச்சாம். மச்சான் மஞ்சத் துணியோட குடத்தைக் கோயில்ல எறக்கி வெச்சுட்டுக் கொட்டாய்க்குப் போயிருக்காரு. ஃபேன் பக்கத்துல இருந்து பாதிக் கொட்டாய் வரைக்கும் கோழி ஒண்ணு மேல ஒண்ணாச் செத்து விழுந்து கெடந்துச்சாம். வாணி பேடு பக்கத்துல இருந்து தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திட்டு இருந்தாளாம். ஃபேன் சுவிச்சு அவ கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சு. தொடலீங்க. நான் தொடாதன்னு சொல்லியிருந்தேனில்ல.

மறுநாள் காத்தால நான் போனப்ப ஜேசிபி வந்து குழி தோண்டிட்டு இருந்துச்சு. சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சாங்க. அந்த நாத்தம் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு அன்னைக்குக் கூட ஒண்ணும் தெரியலீங்க. வாந்தி வரல, அழுகை வரல. கொட்டாய்க்குள்ள போய் லேப்டாப்பைத் தொறந்து உக்காந்துட்டேன். அரைமணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டேன். ஃபேன் பக்கத்து சென்சாரோட ஒயரை எலி கடிச்சிருக்குது. முந்தின நாள் காலையில இருந்தே அதுகிட்ட இருந்து பதில் இல்ல. பதில் வராததை எண்ணக் கூடாதில்லீங்களா. அதனால புரோகிராம் அதை மேலயும் உட்டுருச்சு, கீழயும் ரெண்டு பங்கைக் கழிச்சுட்டு நாலால வகுத்துருச்சு. மீதி நாலு எடத்துக்கு அது போட்ட சராசரி அத்தனை சரி. இருபத்தொம்பது. நான் பேனா வெச்சுக் காகிதத்துல போட்டுப் பாத்தேன், அப்பவும் இருபத்தொம்பது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அப்ப ஒரு நிம்மதி வந்துச்சு. புரோகிராம்ல தப்பில்ல.

மச்சானைக் கூப்பிட்டுக் காமிச்சேன். கையெல்லாம் சுண்ணாம்போட வந்து நின்னாரு. பூஜ்யம் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும், அதைவிட மோசமா இருபதுக்கும் கீழ காட்டியிருக்கும், நாம அப்படிப் போடல பாருங்கன்னு படம் போட்டு விளக்குனேன். அவரு ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாரு. 'பதில் வரலீன்னா என்னமோ ஏதோன்னு போய்ப் பாக்க வேண்டாமா மாப்ள?'ன்னாரு. நல்ல கேள்விதான். ஆனா சூத்திரத்துல போய்ப் பாருன்னு ஒண்ணு கிடையாதுங்ணா. கூட்டறது இருக்குது, வகுக்கறது இருக்குது. டாக்டரு எழுதிக் குடுத்தது அவ்வளவுதான். மச்சான் 'உடு மாப்ள, வெயிலு'ன்னுட்டு கை கழுவப் போயிட்டாரு.

வாணி கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு இருந்திருக்கறா. உள்ள வந்து மெதுவாத்தான் கேட்டா. 'அப்ப நான் சொன்னது எதுல சேந்துச்சு?'ன்னு.

'எது?'ன்னேன்.

'மூஞ்சி எரியுதுன்னு சொன்னனே. அது எதுல சேந்துச்சு?'

'அது எண்ணு இல்லையே வாணி'ன்னேன்.

உள்ளதைத்தானுங்க சொன்னேன். மூஞ்சி எரியறதை எந்தப் பக்கம் கூட்டறது? அவளுக்கு அது புரிஞ்சிருக்கோணும். தலையை ஆட்டுனா.

அன்னைக்குச் சாயந்திரம் மாமியார் வாணியைப் பிடிச்சுட்டாங்க. சொந்தக்காரங்களெல்லாம் உக்காந்திருக்கறாங்க. 'நீதானடி கிட்டவே இருந்த. கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு சுவிச்சைப் போடறதுக்கு உனக்குப் படிப்பு வேணுமா? அண்ணன் வயித்துல அடிச்சுட்டியே'ன்னு. அவ ஒருக்கா என்னைப் பாத்தா. நானும் அங்கதான் சேர்ல உக்காந்திருந்தேன். என்ன பண்றது, அவங்க என்னைக் கேக்கலீங்களே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காத கேள்விக்கு நாமளா எப்படிப் பதில் சொல்றது. அப்பறம் யாரோ காபி கொண்டாந்தாங்க, பேச்சு வேற பக்கம் போயிருச்சு. அவ அதுக்கப்பறமும் யார்கிட்டயும் சொல்லல போல, மாமியார் இன்னைக்கு வரைக்கும் என்னை மரியாதையாத்தான் பேசறாங்க.

கம்பெனிக்காரன் குஞ்சு குடுக்கறதை நிறுத்திட்டான். மச்சான் இப்ப யாருதோ வண்டிக்கு டிரைவராப் போறாரு. கொட்டாய் சும்மா கெடக்குது.

வாணி என்கூடக் கோயமுத்தூர் வந்தாளுங்க, வராம இல்ல. நல்லாத்தான் இருந்தா. சமைச்சா, துணி துவைச்சா. பேச்சுத்தான் கம்மியாயிருச்சு. பால் வந்துருச்சு, கேஸ் தீந்துருச்சு, இந்த மாதிரி. ஒரு நாள் எனக்குக் காய்ச்சலடிக்கற மாதிரி இருந்துச்சு. நெத்தியில கை வெச்சுப் பாரு வாணின்னேன். அடுப்புல இருந்து திரும்பாமயே, 'தர்மாமீட்டர் இருக்குதே, அதுல பாருங்க'ன்னா. அதுவும் சரிதானுங்க. கையை விட அதுதான் சரியாச் சொல்லும். பாத்தேன், தொண்ணூத்தெட்டுதான் இருந்துச்சு. ஆனாலும் அன்னைக்குப் பூரா உடம்பு நடுங்கிட்டே இருந்துச்சு. ஒரு போர்வையைக் கொண்டாந்து கால்மாட்டுல வெச்சுட்டுப் போனா. போத்தி உடல.

அப்பறம் அவங்கம்மாவுக்கு முடியலைன்னு போனா. அம்மாவுக்குச் சரியாயிருச்சு. இவ வரல.

நான் அதுல ஒண்ணும் தப்பா நினைக்கலீங்க. அவ பேசுன நாளையெல்லாம் சேர்த்துப் பாத்தா எங்களுக்குள்ள ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் பேசியிருக்கறா. பேசாத நாளு பேசாத நாளு, அவ்வளவுதான். அதை வெறுப்புன்னு எழுதறதும் தப்பு, விருப்பம்னு எழுதறதும் தப்பு. உட்டுட்டுத்தான் பாக்கோணும். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அம்மா, 'ஏன் சார் ஒரு மாதிரி இருக்கறீங்க'ன்னு கேக்கறாங்க. எனக்கென்னங்க. பசிக்குது, சாப்பிடறேன். தூக்கம் வருது, தூங்கறேன். உள்ளுக்குள்ளதான் ஒண்ணுமே இல்ல. ரொம்ப நேரம் ஒருக்களிச்சுப் படுத்தா கை மரத்துப் போயி, கிள்ளுனாலும் யாரு கையையோ கிள்ளுன மாதிரி இருக்குமில்லீங்களா, அப்படித்தான் இருக்குது. அது எப்பச் சரியாகும்னு தெரியல. வலிச்சாக் கூடத் தேவலைன்னு சில நேரம் தோணுதுங்க.

அவளைக் கூட்டிட்டு வந்துட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. என்ன பேசறதுன்னு வீட்லயே யோசிச்சு வெச்சிருக்கறேன். அந்தப் புரோகிராம்ல இப்ப புதுசா ரெண்டு வரி சேர்த்திருக்கறேன். பதில் வரலைன்னா மணி அடிக்கும். அதைக் காமிக்கலாம்னு இருக்கறேன். கொட்டாய்ல கோழி இல்லைங்கறது வேற விசயம்.

இருங்ணா, போன்.

அவதான். வாணி. அவளே போட்டிருக்கறா. மச்சான்கிட்ட வர்றேன்னு சொல்லியிருந்தேன், அவரு சொல்லியிருப்பாரு.

'வராதீங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.'

அவ்வளவுதானுங்க. நீங்களே பாருங்க. மேல கீழ வேற ஒண்ணும் இல்லையே?

பரவால்லீங்க. பதில் வந்துருச்சில்ல. வராம இருந்ததுக்கு இது தேவலை. இப்பத்தான் ஒண்ணு வந்திருக்குது. ஒண்ணே ஒண்ணை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்ணா. இன்னும் ரெண்டு மூணு வரட்டும், சேர்த்துப் பாத்துக்கலாம். எங்கம்மா ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. நான் விடவே மாட்டேன், ஒரு பருக்கையை நசுக்கிட்டுப் பானையே வெந்துருச்சுன்னு எப்படிம்மா சொல்றன்னு சண்டைக்குப் போவேன். அவங்க பாட்டுக்கு எறக்கி வடிச்சுருவாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு நாளும் வேகாம இருந்ததில்லீங்க.

என்னங்ணா? குண்டடமா? ஆமா, கேட்டுச்சு, கண்டக்டர் சொன்னது கேட்டுச்சு.

இல்லீங்க. இறங்கலீங்க. அவரை ஒருக்கா இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க, தாராபுரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கறேன். அங்க எனக்கு யாரையும் தெரியாதுங்ணா.